குமிழி நின்றது, பீர் முடியவில்லை: 5 லிட்டர் ஜாடியில் ஒரு முதல் முயற்சி

பின்னணி

இது இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், மதுரைப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு தம்பதியின் வீட்டில் நடந்தது. இருவருக்கும் முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். இரண்டு வயதில் ஒரு குழந்தை. பேத்தியைப் பார்த்துக்கொள்ள மனைவியின் அம்மா ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கியிருந்தார். நான் அதே நகரில் எட்டு வருடமாக வீட்டில் பீர் காய்ச்சுகிறேன். அந்தக் கணவர் என் வீட்டில் குடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, எனக்கும் சொல்லிக் கொடுங்க" என்று கேட்டார். அப்படித்தான் இது தொடங்கியது. அவர்கள் சம்மதத்தோடு, ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டு எழுதுகிறேன். நடந்த தவறில் என் பங்கும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

சட்டத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்தில் 1880இலிருந்து வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் தேவைப்பட்டது. 1963இல் அந்த விதி நீக்கப்பட்டது. இன்று சொந்த உபயோகத்துக்குக் காய்ச்ச உரிமமும் வேண்டாம், வரியும் இல்லை. விற்கத்தான் கூடாது. தமிழ்நாட்டில் நிலைமை வேறு. அங்கே 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி அனுமதி இல்லாமல் எந்த மதுவைத் தயாரித்தாலும் குற்றம். வீட்டு பீரும் அதில் அடங்கும். ஊரில் இருப்பவர்கள் இதை ஒரு செய்முறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஏன் 5 லிட்டர்? கடையில் கிடைக்கும் தொடக்கப் பெட்டிகள் பெரும்பாலும் 23 லிட்டருக்கானவை. சின்ன வீட்டில் அவ்வளவு பெரிய வாளிக்கு இடமில்லை. சமையலறையில் இருந்த 10 லிட்டர் பாத்திரமே போதும் என்பதால் சின்ன அளவில் தொடங்கச் சொன்னேன். கெட்டுப்போனாலும் கொட்டுவது நாலு லிட்டர்தானே என்பது என் எண்ணம். சின்ன அளவுக்கென்று தனியாக ஆபத்துகள் உண்டு என்பதை அப்போது நான் போதுமான அளவு யோசிக்கவில்லை.

மாமியாரின் அச்சம்

வேலை தொடங்குவதற்கு முன்பே மனைவியின் அம்மா ஒரு கேள்வி கேட்டார். "கள்ளக்குறிச்சியில செத்தாங்களே, அது மாதிரி ஆகிடாதா தம்பி?" 2024 ஜூனில் அங்கே விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்திருந்தார்கள். ஊரில் 'காய்ச்சுவது' என்று சொன்னாலே அந்த நினைவுதான் வரும். கேட்டதில் தவறே இல்லை.

அவருக்கு நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். கள்ளக்குறிச்சியில் உயிரைக் குடித்தது மெத்தனால். அது புளிக்கும்போது தானாக உருவானதல்ல, ஆலை உபயோகத்துக்கான மெத்தனால் சாராயத்தில் கலந்தது. பார்லியை ஈஸ்ட் புளிக்க வைக்கும்போது உருவாகும் மது எத்தனால். மெத்தனால் முக்கியமாகப் பழத்தோலில் இருக்கும் பெக்டினிலிருந்து வருவது. தானியத்தில் அது மிகமிகக் குறைவு. பீரில் வடித்தெடுக்கும் வேலையும் கிடையாது, ஆகவே எதுவும் செறிவடைய வழியில்லை. வீட்டு பீரில் உண்மையில் பயப்பட வேண்டியது இரண்டு: கொதிக்கும் பாத்திரம், அழுத்தம் ஏறிய கண்ணாடி பாட்டில். இரண்டாவதை நான் வாயால் சொன்னேன். ஆனால் அதற்கு ஏற்ற முன்னேற்பாடு எதையும் செய்ய வைக்கவில்லை.

காய்ச்சிய நாள்

நவம்பர் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை. நான் நேரில் போகவில்லை. செய்முறையை எழுதி அனுப்பிவிட்டுத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தேன். 'ஏல்' என்னும் பீர் வகையில் ஒரு சாதாரண ஆங்கிலேய ரகம் அது: மாரிஸ் ஆட்டர் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) 950 கிராம், இனிப்புச் சுவை தரும் கிரிஸ்டல் மால்ட் 70 கிராம், East Kent Goldings ரக ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) 20 கிராம், அரை பாக்கெட் உலர் ஈஸ்ட்.

உடைத்த மால்ட்டைத் துணிப்பையில் கட்டி 66 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊற வைத்தார்கள். அந்தச் சூட்டில் மால்ட்டில் இருக்கும் நொதிகளே மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிவிடும். பையைப் பிழிந்தெடுத்துவிட்டு, மிஞ்சிய இனிப்பு நீரை ஒரு மணி நேரம் கொதிக்க வைத்தார்கள். ஹாப்ஸில் 12 கிராம் தொடக்கத்திலேயே கசப்புக்காகவும், 8 கிராம் கடைசி ஐந்து நிமிடத்தில் மணத்துக்காகவும் போட்டார்கள். தொட்டியில் குளிர்ந்த நீரும் ஐஸும் நிரப்பிப் பாத்திரத்தை அதில் வைத்ததில் 40 நிமிடத்தில் 20 டிகிரிக்கு வந்துவிட்டது. பாத்திரம், குழாய், ஜாடி எல்லாவற்றுக்கும் சானிடைசர் போட்டிருந்தார்கள். சுத்தத்தில் குறையே இல்லை. அதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஏதாவது கோளாறு என்றால் எல்லாரும் முதலில் சந்தேகப்படுவது சுத்தத்தைத்தான்.

அன்று கவனித்தது ஒன்று உண்டு. திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.049 காட்டியது. வெறும் தண்ணீர் 1.000, அதற்கு மேல் ஏறுவதெல்லாம் கரைந்திருக்கும் சர்க்கரை. நான் எதிர்பார்த்தது 1.044. அவர் மகிழ்ச்சியோடு சொன்னார், நானும் "நல்லா இழுத்திருக்கு" என்றேன். ஜாடியில் எத்தனை லிட்டர் இருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். 4.5 லிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 4 லிட்டர்தான் இருந்தது. அகன்ற பாத்திரத்தில் சின்ன அளவைக் கொதிக்க வைத்தால் ஆவியாகிப் போகும் பங்கு மிக அதிகம். 23 லிட்டரில் அரை லிட்டர் குறைந்தால் பெரிதாகத் தெரியாது. இங்கே அது ஒன்பதில் ஒரு பங்கு.

முதல் வாரம்

ஜாடியைச் சமையலறையின் பின்கதவுக்கு அருகில், கல் தரையில் வைத்தார்கள். குழந்தையின் கை எட்டாத மூலை என்பதுதான் காரணம். இரண்டாம் நாள் நுரை நன்றாகப் பொங்கியது, வாயுவை மட்டும் வெளியே விடும் ஏர்லாக் மூடியில் நொடிக்கு ஒரு குமிழி. நாலாம் நாள் வேகம் குறைந்தது. ஐந்தாம் நாள் இரவோடு குமிழி நின்றது. ஆறாம் நாள் பீர் தெளியவே ஆரம்பித்துவிட்டது.

அன்றைக்கு மனைவியின் அம்மா ஒன்று சொன்னார். "இந்தக் குளிர்ல மாவே பொங்க மாட்டேங்குது. இது மட்டும் எப்படி அதுக்குள்ள முடிஞ்சிருக்கும்?" நவம்பர் பிறந்ததிலிருந்து அவர் இட்லி மாவை இரவில் ஓவனுக்குள் வைத்து, உள்விளக்கை மட்டும் எரியவிட்டுத்தான் புளிக்க வைத்துக்கொண்டிருந்தார். சமையலறை மேடையில் வைத்தால் மறுநாள் மதியம் வரை எழும்பாது. இந்தப் பேச்சை அவர் மாப்பிள்ளை என்னிடம் சொல்லவில்லை, வேடிக்கையாக எடுத்துக்கொண்டு விட்டுவிட்டார். நடந்ததையெல்லாம் பிறகு உட்கார்ந்து எழுதியபோதுதான் எனக்குத் தெரிய வந்தது. அந்த வீட்டில் அன்று சரியாகக் கணித்தவர் அந்த அம்மா ஒருவர்தான்.

பாட்டிலில் அடைத்தது

ஏழாம் நாள் அவர் அழைத்தார். "குமிழி நின்னு ரெண்டு நாளாச்சு, தெளிஞ்சிருச்சு, அடைக்கலாமா அண்ணே?" ஹைட்ரோமீட்டர் வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். சோதனைக் குழாய்க்கு 100 மில்லி வேண்டும், இருப்பதே நாலு லிட்டர், எடுக்க மனம் வரவில்லை என்றார். ருசி பார்த்ததில் கொஞ்சம் இனிப்பாக இருந்ததாம். கிரிஸ்டல் மால்ட் போட்டதால் அப்படி இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லி, அடைக்கச் சொல்லிவிட்டேன்.

இந்த நிகழ்வில் மிகத் தவறான முடிவு இதுதான், அதை எடுத்தவன் நான். என் வீட்டில் 20 லிட்டர் காய்ச்சும்போது அளக்காமல் ஒருநாளும் அடைத்ததில்லை. அங்கே 100 மில்லி ஒரு பொருட்டல்ல. சின்ன ஜாடியில் ஒவ்வொரு சோதனையும் நாற்பதில் ஒரு பங்கைக் கேட்கிறது. புதிதாகத் தொடங்குபவருக்கு அந்த இழப்பு பெரிதாகப் படும், அதனால் அளவு பார்ப்பதைத் தவிர்ப்பார். நான் அதை எதிர்பார்த்திருக்க வேண்டும்.

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்றுதான் கரியமில வாயுவை விடும். பாட்டிலில் அந்த வாயு ஏற, லிட்டருக்கு 5 கிராம் சீனி கணக்கு. செய்முறைத் தாளில் 4.5 லிட்டருக்கு 22 கிராம் என்று எழுதியிருந்தேன். வண்டலை விட்டு மேலாக எடுத்ததில் கிடைத்தது 3.4 லிட்டர்தான். அவர் தாளில் இருந்தபடி 22 கிராமையும் போட்டுவிட்டார். லிட்டருக்கு ஆறரை கிராமாக ஆகிவிட்டது. ஆறு கண்ணாடி பாட்டில்கள் நிரம்பின, மூடி அடித்தார்கள். மிஞ்சிய 400 மில்லியை ஒரு பழைய சோடா பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றினார்கள்.

"பத்துப் பதினைந்து நாள் கதகதப்பான இடத்தில் வையுங்கள்" என்று சொன்னேன். வீட்டில் மிகக் கதகதப்பான இடம் மாடி நடையில் இருக்கும் அலமாரி, சுடுநீர்த் தொட்டி அதற்குள்தான் இருக்கிறது. அங்கே வைத்தார்கள். அதே அலமாரியில்தான் குழந்தையின் துணிகளும் இருந்தன.

ஆறாம் நாள் பிளாஸ்டிக் பாட்டிலை அழுத்திப் பார்த்துவிட்டு, "கல்லு மாதிரி இருக்கு அண்ணே, வாயு நல்லா ஏறிருக்கு" என்று செய்தி அனுப்பினார். எச்சரிக்கை கையிலேயே இருந்தது. லிட்டருக்கு 5 கிராம் சீனி போட்ட பாட்டில் ஆறே நாளில் அவ்வளவு இறுகக் கூடாது. நான் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

பத்தாம் நாள் இரவு

இரவு பதினொன்றரை மணிக்கு ஒரு பாட்டில் வெடித்தது. எல்லாரும் தூங்கப் போயிருந்தார்கள். அலமாரிக் கதவு சாத்தியிருந்ததால் சில்லுகள் உள்ளேயே நின்றன. யாருக்கும் காயமில்லை. கதவின் உட்பக்கப் பலகையில் ஒரு சில்லு குத்தி நின்றதை மறுநாள் நானே பார்த்தேன். பகலில் அந்த அலமாரியை ஒரு நாளைக்கு நாலைந்து தடவை திறப்பார்கள்.

அவர் என்னை அழைத்தபோது கதவைத் திறந்து மீதிப் பாட்டில்களை வெளியே எடுக்கப் போய்க்கொண்டிருந்தார். தொடாதீர்கள் என்றேன். அழுத்தம் ஏறிய பாட்டிலை அசைத்தாலோ, ஒன்றோடொன்று இடித்தாலோ அடுத்ததும் வெடிக்கலாம். கதவைச் சாத்தியே வைத்து, சுடுநீர் சூடேற்றியை அணைத்துவிட்டு, குழந்தையைக் கீழ்த்தள அறையில் படுக்க வைக்கச் சொன்னேன். அந்த இரவுக்கு அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

மறுநாள் காலை பாதுகாப்புக் கண்ணாடி, தோல் கையுறை, தடித்த குளிர்கோட்டு எல்லாம் போட்டுக்கொண்டு நான் போனேன். ஈரமான கனத்த துண்டை மேலே போட்டு, ஒவ்வொரு பாட்டிலாக எடுத்து மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, பின்கட்டில் ஒரு நாள் முழுவதும் குளிரவிட்டேன். வெளியே 4 டிகிரி. குளிர்ந்தால் வாயு பீருக்குள் அதிகம் கரையும், அழுத்தம் இறங்கும். அப்புறம்தான் வாளிக்குள் வைத்து, துண்டால் மூடி, ஒவ்வொன்றாகத் திறந்தோம். ஐந்தில் நான்கு பாட்டில்கள் பாதிக்கு மேல் நுரையாகவே பீறிட்டுப் போயின.

மூடியைத் தளர்த்தி வாயுவை விட்டுவிட்டு மறுபடி மூடினால் பீரைக் காப்பாற்றலாமே என்று அவர் கேட்டார். சிலர் அப்படிச் செய்வதுண்டு. நான் வேண்டாம் என்றேன். அந்த அளவு அழுத்தம் தாங்கிய கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கக்கூடும், குழந்தை இருக்கும் வீட்டில் அதை மறுபடி நம்ப முடியாது. பீரையும் கொட்டினோம், பாட்டில்களையும் தூக்கிப் போட்டோம். பிளாஸ்டிக் பாட்டிலில் இருந்ததை மட்டும் சோதனைக்கு எடுத்து வந்தேன்.

காரணம் தேடியது

வாயுவை முழுக்க வெளியேற்றிவிட்டு அளந்தபோது 1.012. இந்த மால்ட்டுக்கும் இந்த ஈஸ்ட்டுக்கும் அது சரியான முடிவுப் புள்ளி. அப்படியென்றால் புளிப்பு கடைசியில் முழுமையாகவே நடந்திருக்கிறது. ஜாடிக்குள் முடிய வேண்டியது பாட்டிலுக்குள் முடிந்திருக்கிறது.

ஏன் ஜாடிக்குள் நின்றது? பின்கதவு மூலையில் மூன்று நாள் வெப்பமானி வைத்துப் பார்த்தோம். பகலில் 17 டிகிரி, இரவில் ஹீட்டிங் அணைந்த பிறகு 12 வரை இறங்கியது. அவர் வாங்கிய ஆங்கிலேய ஈஸ்ட் குளிர்ந்தால் சட்டென்று திரண்டு அடியில் படிந்துவிடும் ரகம். பீர் தெளிந்ததும் அதனால்தான். தெளிவு முடிவைக் காட்டவில்லை, ஈஸ்ட் படுத்துவிட்டதைத்தான் காட்டியது. 24 டிகிரி அலமாரிக்குப் போனதும் மிஞ்சியிருந்த ஈஸ்ட் விழித்துக்கொண்டு, போட்ட சீனியோடு பழைய மிச்சத்தையும் தின்றது.

ஊகமாக விட்டுவிட மனமில்லாமல், பிறகு இதே செய்முறையில் காய்ச்சியபோது ஒரு லிட்டரைத் தனியாக எடுத்து, மூன்றாம் நாள் முதல் என் கராஜில் 13, 14 டிகிரியில் வைத்தேன். ஆறாம் நாள் குமிழி நின்றது. அளந்தால் 1.018. வீட்டுக்குள் கொண்டுவந்து மெல்லச் சுழற்றிவிட்டு 20 டிகிரியில் வைத்ததும் ஐந்து நாளில் 1.012க்கு இறங்கியது.

1.018க்கும் 1.012க்கும் இடையிலான அந்த ஆறு புள்ளிகள் எவ்வளவு பெரியவை என்று கணக்குப் போட்டால்தான் விளங்கும். சாதாரண ஏலில் ஒரு லிட்டர் பீருக்குள் சுமார் 2 லிட்டர் கரியமில வாயு கரைந்திருக்கும். லிட்டருக்கு 4 கிராம் சீனி அதில் 1 லிட்டர் வாயுவைக் கொடுக்கும். ஹைட்ரோமீட்டரில் ஒரு புள்ளி இறங்கினால் ஏறக்குறைய அரை லிட்டர் வாயு. ஆறு புள்ளிக்கு 3 லிட்டர். போட்ட சீனியும் முன்பே கரைந்திருந்ததும் சேர்ந்து இரண்டரைக்குச் சற்று மேல். மொத்தம் ஐந்தரை. ஷாம்பெயினில் இருப்பது சுமார் 6 லிட்டர், அதற்குத்தான் அவ்வளவு தடித்த கண்ணாடி. இங்கே அந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருந்தது ஒரு சாதாரண பீர் பாட்டில். சீனியில் நடந்த பிழை மட்டும் என்றால் நுரை கொஞ்சம் அதிகமாகியிருக்கும், அவ்வளவுதான். வெடிக்க வைத்தது மிச்சமிருந்த சர்க்கரை.

இரண்டாம் முறை

மறுபடி செய்வதா என்பதை அந்தத் தம்பதி இரண்டு வாரம் யோசித்தார்கள். மனைவி ஒரு நிபந்தனை போட்டார்: "கண்ணாடி பாட்டில் வீட்டுக்குள்ள வரக் கூடாது அண்ணா." மிகச் சரி. பீருக்கென்றே விற்கும் பழுப்பு நிற அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில்கள் வாங்கினோம். அழுத்தம் மீறினால் அவை உப்பும், சில்லாகச் சிதறாது. விரலால் அழுத்தியே நிலைமையும் தெரிந்துகொள்ளலாம்.

ஜாடியின் வெளிப்பக்கம் அரை லிட்டருக்கு ஒரு கோடாக டேப் ஒட்டினோம். கொதித்து முடிந்ததும் குறைந்த அளவைக் கொதித்து ஆறிய நீரால் நிரப்பினார்கள். இந்த முறை 4.4 லிட்டர், அளவு 1.045. ஜாடியை ஒரு வாளித் தண்ணீரில் நிறுத்தி, மீன் தொட்டிக்குப் போடும் சின்ன ஹீட்டரை அந்தத் தண்ணீரில் வைத்து 20 டிகிரிக்குத் திருப்பினோம். மாமியார் பார்த்துவிட்டு, "இப்பத்தான் மாவு வைக்கிற மாதிரி வைக்கிறீங்க" என்றார்.

ஏழாம் நாள் 1.016. அன்றும் குமிழி ஏறக்குறைய நின்றுதான் போயிருந்தது. பத்தாம் நாள் 1.012, பன்னிரண்டாம் நாள் மறுபடி 1.012. இரண்டு நாள் இடைவெளியில் ஒரே எண் வந்த பிறகுதான் அடைத்தார்கள். மூன்று சோதனைக்கும் சேர்த்து 300 மில்லி போனது. அதைக் கொட்டவில்லை, ஒவ்வொரு முறையும் குடித்துப் பார்த்துக் குறிப்பு எழுதினார்கள். இனிப்பு எப்படிப் படிப்படியாகக் குறைகிறது என்று நாக்குக்கே தெரிந்தது. 3.7 லிட்டர் அடைக்கக் கிடைத்தது. பத்தில் ஒரு கிராம் வரை காட்டும் சின்னத் தராசில் 18.5 கிராம் சீனி நிறுத்து, கொதித்த நீரில் கரைத்து, மொத்த பீரிலும் கலந்துவிட்டுப் பாட்டில்களில் நிரப்பினார்கள்.

மூன்று வாரம் கழித்து, ஜனவரி முதல் வாரத்தில் திறந்தோம். நுரை அளவாக இருந்தது. நாக்கில் பீரின் கனம் கொஞ்சம் குறைவு, ஹாப்ஸின் மண்வாசனை நன்றாகவே வந்திருந்தது. கடையில் வாங்கும் ஒரு நல்ல ஏலுக்குப் பக்கத்தில் வைக்கலாம்.

மாற்றிக்கொண்டவை

நான் இப்போது யாருக்கும் "ஒரு வாரம்" என்று நாள் கணக்குச் சொல்வதில்லை. ஹைட்ரோமீட்டரில் எண்ணைப் பார்க்காமல் அடைக்கலாம் என்றும் சொல்வதில்லை. செய்முறைத் தாளில் சீனியின் மொத்த எடையை எழுதுவதை விட்டுவிட்டேன். லிட்டருக்கு இத்தனை கிராம் என்று மட்டும் எழுதி, பக்கத்தில் 'அடைக்கும் அன்று அளந்த லிட்டர்' என்று ஒரு காலியிடம் விடுகிறேன். முதல் மூன்று தடவைக்குக் கண்ணாடி பாட்டில் வேண்டாம் என்கிறேன், குழந்தை இல்லாத வீட்டிலும். முதல் தடவை காய்ச்சும்போதும் அடைக்கும்போதும் நேரில் போகிறேன். தொலைபேசியில் மட்டும் பேசியதில் அந்தப் பின்கதவும் கல் தரையும் எனக்குத் தெரியாமலே போய்விட்டன.

அவர்கள் வீட்டில் இன்னொரு மாற்றமும் உண்டு. சுடுநீர் அலமாரியில் இப்போது துணி மட்டும்தான். பீர் பாட்டில்கள் படிக்கட்டுக்குக் கீழே, மூடி போட்ட பெட்டிக்குள் இருக்கின்றன. மூன்றாவது ஜாடி பிப்ரவரியில் வைத்தார்கள். ஊருக்குத் திரும்பும் வரை அதன் வெப்பமானியைக் காலையும் மாலையும் பார்த்துக் குறித்து வைத்தவர் மாமியார்தான்.